முப்பத்திரண்டு பேருக்கு ஒரு கணவர்

மகளுடைய புத்தகம் இல்லைங்க, என்னுடையதுதான். இன்றைக்குக் கேட்கிறதில் நீங்கள் மூன்றாவது ஆள். முதலில் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கிற அம்மா, அப்புறம் கண்டக்டர். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை மடியில் 'நுண்ணினப் பொருளியல்' என்று ஒரு புத்தகம் இருந்தால் அது மகளுடையதாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடைக்குப் போட எடுத்துப் போவதாக இருக்க வேண்டும். எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு மதுரையில் பரீட்சை. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, தலை கலைகிறது. பரீட்சைக்குப் போகிறவளுக்குத் தலை எதற்கு என்று கேட்காதீங்க. நான் படித்த கான்வென்ட்டில் தலை கலைந்திருந்தால் பரீட்சை ஹாலுக்குள் விடமாட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

படிப்பின் மேல் ஆசை, அதனால் சேர்ந்தேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களை இனிமேல் பார்க்கப் போவதில்லை, உங்களிடம் பொய் எதற்கு? என் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். அதனால் சேர்ந்தேன்.

அவர் சர்வேயர். முப்பத்து நான்கு வருஷம் வேடசந்தூர், நத்தம், கொடைக்கானல் மலை என்று அடுத்தவன் வரப்பை அளந்துகொண்டே இருந்த மனுஷர். காலையில் ஏழு மணிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். கேம்ப் என்றால் ஒரு வாரம் கண்ணில் படமாட்டார். நானும் கல்யாணமான நாளிலிருந்து, 'இந்த மனுஷன் ஒரு நாளாவது வீட்டில் இருந்தால் என்ன?' என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். எந்தச் சாமி காதில் விழுந்ததோ, மே மாதம் கடைசி நாள், பூமாலை, சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம், கூடவே அவர், எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

அளக்க நிலம் இல்லாத சர்வேயர் என்ன செய்வார் சொல்லுங்கள். வீட்டை அளந்தார். குக்கர் எத்தனை விசிலுக்கு எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பருப்பு டப்பா ஒவ்வொன்றிலும் வாங்கிய தேதி எழுதிச் சீட்டு ஒட்டினார். முகத்தில் சோப்பு நுரையோடு, பாதி தாடியோடு அடுப்படிக்கு வந்து, "தேங்காய் ஒரு மூடி பத்தாதா, ஏன் ஒண்ணரை?" என்று கேட்டார். அதிகாரமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சின்னப் பிள்ளை மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு தேங்காய் துருவினேன்.

அந்த நேரத்தில்தான் தொலைதூரக் கல்வி விளம்பரம் பார்த்தேன். ஊரில் ஒரு காலேஜில் ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு என்று போட்டிருந்தது. போய்க் கேட்டேன்.

"வகுப்பு எத்தனை மணி வரைக்கும் நடக்கும்?"

"வரலாறுன்னா ஒரு மணிக்கு விட்டுடுவாங்கம்மா. பொருளாதாரம் நாலு மணி ஆகும். அது கஷ்டம்."

"பொருளாதாரம் போடுங்க."

"படம் வரையணும்மா, கணக்கெல்லாம் வரும்."

"வரட்டும். நாலு மணின்னா நாலு மணிதானே? முன்னாடி விட்டுட மாட்டீங்களே?"

அந்தக் கிளார்க் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

இங்கிலீஷ் மீடியம் கேட்டேன். பத்துப் பேர் சேர்ந்தால்தான் நடத்துவார்களாம். நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் தமிழில் பேசினால் பத்து பைசா அபராதம் வாங்கினார்கள், பன்னிரண்டு வருஷம் கட்டியிருக்கிறேன். இப்போது 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் பயன்பாடு தானாகக் குறைந்துவிடும்.

விதி ஒன்றும் பிரமாதம் இல்லை. ஒரு பொருளை விடாமல் நுகர்ந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற திருப்தி குறைந்துகொண்டே போகும். அவ்வளவுதான். புத்தகத்தில் ஒருத்தன் ஆரஞ்சு தின்கிறான். முதல் ஆரஞ்சு இருபது, இரண்டாவது பதினாறு, அப்படியே இறங்கி ஏழாவதில் மைனஸ் நான்கு. மைனஸில் இருக்கும்போது ஏன் தின்கிறான் என்று கேட்டேன். எங்கள் சார், தங்கமாரியப்பன், பொறுமைசாலி. "எடுத்துக்காட்டுக்காகத் தின்கிறான்மா" என்றார்.

அசைன்மென்ட்டுக்கு இதே கேள்விதான் வந்தது. விதியை எடுத்துக்காட்டுடன் விளக்குக, இருபத்தைந்து மதிப்பெண், எழுத மூன்று வாரம் டைம். அதில் தேறாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, ஒரு வருஷம் போச்சு. புத்தகத் தமிழ் எனக்கு வராது. அந்த ஆரஞ்சுக்காரனையும் பிடிக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு வந்த தமிழில் எழுதினேன். எடுத்துக்காட்டுக்கு எங்கே போவது? சோப்பு நுரையோடு ஒன்று எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

'என் கணவர் பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த பயன்பாடு இருபது அலகுகள்.' இப்படி ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் பருப்பு டப்பா, பதினாறு. மூன்றாம் நாள் விசில், பன்னிரண்டு. நான்காம் நாள் முகச்சவரம், எட்டு. ஐந்தாம் நாள் நான்கு. ஆறாம் நாள் பூஜ்யம். ஏழாம் நாள் மைனஸ் நான்கு. கட்டம் போட்டு அட்டவணை, கீழே இறங்குகிற கோடு ஒன்று. பக்கம் நிறையவில்லை என்று புத்தகத்தில் இருந்த நிபந்தனைகளையும் பார்த்து எழுதினேன். அலகுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நடுவில் இடைவெளி விழக் கூடாது, நுகர்வோர் அறிவுத் தெளிவுடன் இருக்க வேண்டும், இந்த மாதிரி. எழுதி முடித்து நானே படித்து நானே சிரித்தேன். முன்னறையிலிருந்து அவர், "என்ன தமயந்தி?" என்றார். "பாடம்" என்றேன்.

வகுப்பில் பவுன்ராஜ் என்று ஒரு போலீஸ் ஏட்டு. பிரமோஷனுக்குப் பட்டம் வேண்டும் என்று சேர்ந்தவர். மீசை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும். அவர்தான் கேட்டார். "மேடம், திருவிழா பந்தோபஸ்து. புத்தகத்தைத் திறக்கவே நேரமில்லை. இந்த கிளாஸ்ல உங்க ஒருத்தருக்குத்தான் பாடம் புரியுது. ஒரு பார்வை பார்த்துட்டுத் தந்துடறேன்."

போலீஸ் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று அப்புறம் எல்லாரிடமும் சொன்னேன். நிஜம் என்ன தெரியுமா? அந்த 'உங்க ஒருத்தருக்குத்தான்' என்பதில் விழுந்தேன். புகழ்ச்சிக்கு மட்டும் எனக்கு எந்த விதியும் குறைந்து செல்லாது.

அவர் ஜெராக்ஸ் எடுக்கக் காலேஜ் வாசலில் ரோஸ்லின் கடையில் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் கூடுதலாக முப்பது பிரதி எடுத்து, கிளிப் போட்டு, 'எளிய நடை, இருபது ரூபாய்' என்று கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் வீட்டில் உட்கார்ந்து சிவப்பு மையில் மார்ஜின் போட்டு, தலைப்புக்கெல்லாம் இரண்டு கோடு இழுத்து, நல்ல பிரதி எழுதிக்கொண்டிருந்தேன். கான்வென்ட் சிஸ்டர் அகதா வளர்ப்பு. ஒரு எழுத்து அடித்தால் பக்கத்தையே கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன். கடைசித் தேதியில், கடைசி ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதே சமயம் எனக்கு இன்னொரு அதிர்ஷ்டம் அடித்தது. வீட்டுக்காரர் வெளியில் போக ஆரம்பித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. குடை, பேப்பர், கையில் டிபன் பாக்ஸ்.

"எங்கே?"

"சும்மா வெளியில. தயிர் சாதம் இருந்தா வச்சுக் கொடு."

சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வந்தார். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். யாரோ பிளாட் போடுகிறவன் கூப்பிட்டிருப்பான், ஏதோ அளந்து கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டு, அவர் "சரி, நீ சொல்றதால நின்னுக்கறேன்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால்? அந்த மூன்று வாரத்தில் தேவை நெகிழ்ச்சி முடித்தேன், சமநோக்கு வளைகோடு முடித்தேன். வீடு அவ்வளவு அமைதி. பருப்பு டப்பாவில் சீட்டு ஒட்டுவது நின்றுபோனது. தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேங்காய் என்ன, எதைப் பற்றியும் இல்லை. எதிர் வீட்டு மங்களேஸ்வரி ஒரு நாள், "மதினி, அண்ணன் முகமே சரியில்லையே, உடம்புக்கு ஏதாவதா?" என்றாள். "வேலை கிடைத்துவிட்டது, வெயிலில் அலைகிறார், அதுதான் கறுத்திருக்கிறார்" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்கிறீர்கள்!

அடுத்த ஞாயிறு தங்கமாரியப்பன் சார் ஒரு கட்டு அசைன்மென்ட்டோடு வகுப்புக்குள் வந்தார். உட்காரவில்லை. முதல் தாளை எடுத்தார்.

"பவுன்ராஜ்."

"சார்."

"உங்க கணவர் எப்போ ரிட்டையர் ஆனாரு?"

ஏட்டு எழுந்து நின்றார். மீசை மட்டும் ஆடியது. "சார், புரியலைங்க சார்."

"நீங்கதானே எழுதியிருக்கீங்க. 'என் கணவர் பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்த முதல் நாள்.' வாழ்த்துகள். ஸ்டேஷன்ல தெரியுமா?"

வகுப்பு சிரித்தது. ரொம்ப நேரம் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் அடுத்த தாளை எடுத்தார். பியூட்டி பார்லர் வைத்திருக்கிற ஜெனிபா, கல்யாணமே ஆகாத பெண், அவளுடைய கணவரும் ரிட்டையர் ஆகியிருந்தார். பஸ் டிரைவர் ஒருத்தர், அவருடைய கணவர். தாள் தாளாக எடுத்து வைத்தார். முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே கணவர், எல்லார் வீட்டிலும் பருப்பு டப்பாவில் தேதி ஒட்டுகிறார். ஒருத்தர் மட்டும் கொஞ்சம் மூளையைச் செலவழித்து, 'கணவர்' வருகிற இடமெல்லாம் 'மனைவி' என்று மாற்றியிருந்தார். நான்காம் நாள் முகச்சவரத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்.

யாரும் படித்துப் பார்த்து எழுதவில்லைங்க. டிவி பார்த்துக்கொண்டே, டூட்டியில் உட்கார்ந்துகொண்டே, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

"ஒரிஜினல் யாருடையது?" என்றார் சார்.

ஏட்டு நல்ல மனுஷர். "தமயந்தி மேடம் எழுதினது சார். நான்தான் வாங்கினேன்" என்றார். நானும் கம்பீரமாக எழுந்து நின்றேன்.

சார் என்னுடையதைத் தேடி எடுத்தார். "இதுதான் கடைசியா வந்தது. தேதியும் கடைசி. எழுத்து வேற அச்சடிச்ச மாதிரி இருக்கு. பார்த்து எழுதினவங்களுக்குத்தான் இப்படி அடித்தல் திருத்தல் இல்லாம வரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அது என் புருஷன் சார்!" என்று கத்தினேன். முதல் தடவையாக அந்த மனுஷனை நான் ஊரறிய உரிமை கொண்டாடினேன். அதுவும் எதற்கு பாருங்கள்.

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதியிருக்காங்க" என்றார் சார். "நான் முப்பத்திரண்டையும் ரத்து பண்ணணும். யாருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது. ஒண்ணு செய்யலாம். வர்ற ஞாயிறு அந்தக் கணவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் வந்து நான்தான்னு சொன்னா உங்களுக்கு மார்க் போடறேன். மத்தவங்க வேற எழுதிக் கொடுக்கட்டும்."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குப் போய், "நான் உங்களை மைனஸ் நான்கு என்று எழுதியிருக்கிறேன், வந்து ஆமாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். திங்கள், செவ்வாய், புதன் கேட்கவில்லை. ஒன்பது மணிக்குக் குடையோடு போனார், ஐந்து மணிக்கு வந்தார். வியாழக்கிழமை அவர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

குழாயை மூடிவிட்டு, "மைனஸ் நாலா?" என்றார்.

எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. நிஜமாகச் சொல்கிறேன்.

"ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்" என்றார். "அந்தப் பொண்ணு ஒரு வேஸ்ட் தாள்ல மடிச்சுக் கொடுத்துச்சு. பருப்பு டப்பான்னு இருந்துது. ஊர்ல வேற எவன் அதுல தேதி ஒட்டுறான்? மிச்சப் பக்கத்தை இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன்."

"எப்போ?"

"ஆச்சு, ஒரு மாசம்."

"ஏன் ஒண்ணும் கேட்கலை?"

அவர் டிபன் பாக்ஸைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். இப்போது ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன், வகுப்பு விஷயத்தைச் சொன்னேன், முப்பத்திரண்டு பேர் என்றேன். "ஏட்டும் எழுதிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். நிலத் தகராறு கேஸ்களில் கோர்ட்டில் சாட்சி சொல்லிப் பழக்கம், நேராக முன்னால் போய் நின்றார். ஜெனிபா பக்கத்தில் இருந்தவளை இடித்து, "ஏய், நம்ம வீட்டுக்காரர்டி" என்றாள்.

"சார், இந்தக் கணவர் நீங்கதானா?" என்றார் தங்கமாரியப்பன்.

"ஆமா."

"முதல் நாள் இருபது, ஏழாம் நாள் மைனஸ் நாலு. ஒத்துக்கறீங்களா?"

"முதல் நாள் இருபது அதிகம். அன்னிக்கு மாலையோட வந்து நின்னேன், பூவெல்லாம் தரையில கொட்டுதுன்னு திட்டினா. பன்னிரண்டு போடலாம். அப்புறம், இந்தக் கோட்டுக்கு அளவுத்திட்டம் போடலை. ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகுன்னு போடணும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மார்க் வந்துவிட்டது என்று தெரிந்துவிட்டது எனக்கு. சாருக்கும் உற்சாகம். "சரி சார், ஏழாம் நாளோட அட்டவணை நிக்குது. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார்.

இவர் சட்டைப் பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"நாலாம் பக்கத்துல நிபந்தனைன்னு எழுதியிருக்கா. நடுவில் இடைவெளி விழுந்தால் இவ்விதி செல்லாது. அதான், காலையில ஜங்ஷனுக்குப் போய் உட்கார்ந்துடறேன். ரெண்டாம் பிளாட்பாரம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு டிக்கெட். சாயங்காலம் வீட்டுக்குப் போறேன். இடைவெளி விட்டுப் பார்க்கிறேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சார் மெதுவாக, "ஏதாவது ஏறியிருக்கா சார்?" என்றார்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? அட்டவணை அவ கையில இருக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் என் வாய் எனக்கு உதவாத நாள் அது ஒன்றுதான். அந்த வரியை எழுதியவள் நான், அதுவும் பக்கம் நிறையவில்லை என்று. படித்தவர் அவர் ஒருத்தர்தான்.

சார் பத்தொன்பது போட்டார். அளவுத்திட்டத்துக்கு இரண்டு குறைத்துவிட்டார், சாட்சி சொன்னதன் பலன். வீட்டுக்கு நடந்தோம். தெரு திரும்பியதும் வாய் திரும்ப வந்துவிட்டது. "வீடு வாசல் இல்லாதவன் மாதிரி ஸ்டேஷன்ல போய் உட்காருவாங்களா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றேன். "ஃபேன் இருக்கு, தண்ணி இருக்கு" என்றார். இதைத்தான் கேட்டேனா? இதைச் சொல்லவா போனேன்? 'போகாதீங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே. வரவில்லைங்க. பன்னிரண்டு வருஷக் கான்வென்ட்டில் அதை இங்கிலீஷிலும் சொல்லித் தரவில்லை, தமிழிலும் சொல்லித் தரவில்லை.

வாடிப்பட்டி தாண்டிவிட்டதா? சரி.

மறுநாள் ஒன்பது மணிக்குக் குடையை எடுத்தார். நான் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினேன். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. இரண்டு டிக்கெட் வாங்கினார். அவருடைய பெஞ்ச், தூணுக்குப் பக்கத்தில். கூட்ஸ் வண்டி போனால் பெட்டி எண்ணுகிறார், ஒரு நாள் ஐம்பத்தெட்டு. முதல் நாள் எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். மூன்று மாதப் பேச்சை ஒரே மூச்சில் பேசினேன். மங்களேஸ்வரி, ஜெனிபா, சமநோக்கு வளைகோடு, எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாளும் பேசினேன். மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். நான் பாதியில் இருக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உனக்குப் படிக்க வேண்டியது இல்லையா தமயந்தி?"

எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பும் வந்தது. எனக்கு அட்டவணை போடத் தெரியும் என்றால் அவருக்கும் தெரியாதா? முப்பத்து நான்கு வருஷம் அளந்தவர்.

"உங்க அட்டவணையில நான் இப்போ எத்தனை?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான்.

அவர் விளையாடவில்லை. "என்கிட்ட யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லையே" என்றார்.

"இப்போ கேட்கறேன்."

பேப்பரை மடித்து வைத்தார். "அவசரப்படாதே. உனக்கு எழுத மூணு வாரம் டைம் கொடுத்தாங்கள்ல?" என்றார்.

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் பார்த்தால் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். நான் பேசும்போது எடுப்பதில்லை. நான் குழாயடிக்குப் போய்த் திரும்பி வரும்போது மூடி வைக்கிறார்.

இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. பால் பொங்குகிற வரைக்கும் அடுப்பு முன்னால் நிற்கப் பொறுமை இல்லாதவள் நான், என் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த நோட்டைத் தொடவில்லை. எழுதிவிட்டீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இன்னும் நாலு நாள் இருக்கிறது.